இன்ஸ்டா மட்டும் வேண்டாம்

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்துக் கொல்லயில் என்ற ஊரில், நெல்லையப்பன் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தை யாரும் அதற்குள் மறந்திருக்க முடியாது. மருமகள் ஆனந்தலட்சுமி பாலராமபுரத்துக் கைத்தறிச் சேலை வாங்கி விற்கப்போகிறாள். அதற்கு அரை நிமிஷ வீடியோ போட வேண்டும். அதை எங்கே போடுவது என்று ஐந்து பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்த மாமனார், நோட்டில் தீர்மானம் எழுதிக் கீழே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை.

முதல் தீர்மானம்: முகம் தெரியக்கூடாது. கையும் சேலையும் போதும்.

இரண்டாவது: பேஸ்புக் வேண்டாம். நாகர்கோவில் முதல் துபாய் வரை சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். எல்லாரும் லைக் போடுவார்கள், ஒருத்தரும் சேலை வாங்க மாட்டார்கள். "நெல்லையப்பன் வீட்டுல இப்போ மருமவ சேலை வித்தாக்கும் அடுப்பு எரியுது" என்று மட்டும் பேசிக்கொள்வார்கள்.

மூன்றாவதில்தான் சண்டை வந்தது. நாத்தனார் அஞ்சு, டிகிரி கடைசி வருஷம், இன்ஸ்டா என்று நின்றாள். சாதாரணமாக வாய் திறக்காத ஆனந்தலட்சுமி அன்றைக்குத் திறந்தாள். "யூடியூப் ஷார்ட்ஸ் போதும். அதுவும் தமிழ்ல மட்டும். இன்ஸ்டா மட்டும் வேண்டாம்."

தமிழ் என்று கேட்டதும் மாமனாருக்குப் புல்லரித்தது. மாமியார் ஆனந்தவல்லி அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்தாள். கணவன் சபரிநாதன் எதையும் கேட்கவில்லை. அவன் மறுநாள் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையான காரணம் நோட்டில் ஏறவில்லை. அதன் பேர் ராஜீவ்.

ராஜீவ் ஆனந்தலட்சுமியின் தாய்மாமன் மகன். நெய்யாற்றின்கரையில் இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே "அவ எனக்குள்ளவ" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன். அவள் அப்பா கட்டிக்கொடுக்க முடியாது என்று சொன்ன அன்று, வாசலில் இரும்புக் கேட்டைப் பிடித்தபடி நின்றாள் அவள். அவள் கையை எடுக்க விடாமல், முகத்தைப் பார்த்துக்கொண்டே, ராஜீவ் கேட்டை இழுத்து அடைத்தான். இடதுகைச் சுண்டுவிரல் அன்று வளைந்தது.

அதன் பிறகு அவள் மூன்று வெவ்வேறு பெயரில் மூன்று இன்ஸ்டா கணக்கு திறந்தாள். தோழி, தோழிக்குத் தோழி என்று பட்டியலைப் பிடித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஒரு வாரத்துக்குள் அவன் கண்டுபிடித்தான். வேறு ஒன்றும் எழுத மாட்டான். "கண்டுபிடிச்சாச்சு" என்பான். அவ்வளவுதான்.

அவன் பஹ்ரைன் போன இடைவெளியில் கல்யாணம் நடந்தது. மாமன் வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை. விரல் கார் கதவில் நசுங்கியது, மாமன் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல அவள் அப்பா மனப்பாடம் செய்துகொடுத்த இரண்டு பொய்கள் இவை. நாலு வருஷமாக இரண்டும் நன்றாகத்தான் ஓடின. ஆறு மாசத்துக்கு முன் ராஜீவ் திரும்பி வந்துவிட்டான் என்று காதில் விழுந்த நாளிலிருந்து, ஆனந்தலட்சுமி தனியாகப் பாறசாலைச் சந்தைக்குக்கூடப் போவதில்லை.

யூடியூபில் தோழிகள் பட்டியல் கிடையாது. பார்க்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அதோடு ராஜீவ் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், ஒரு எழுத்து வாசிக்க வராது. தமிழில் தலைப்பு எழுதினால் அவன் தேடினாலும் அகப்பட மாட்டோம் என்று நினைத்தாள். எல்லையில் பிறந்த பெண்ணுக்குத்தான் இப்படி ஒரு ஒளிவிடம் தோன்றும்.

இந்த வியாழக்கிழமை காலை பத்து மணி வரை அந்த ஒளிவிடம் பத்திரமாக இருந்தது.

ஏழு மணி ரயிலில் சபரி வேலைக்குப் போய்விட்டான். மாமனார் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்கு நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினார்; திரும்ப ராத்திரி ஆகும். ஆனந்தலட்சுமி ஜன்னல் பக்கம் கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டு, பச்சைக் கரைச் சேலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சு உள்ளே வந்தாள். ஸ்டடி லீவு. புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாம் கையில் இருக்கும்.

"மதினி, யூடியூப்ல எத்தன பேரு பாத்திருக்காவ?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அதுல நான் முப்பது வாட்டி பாத்தது." அஞ்சு கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "மிச்சம் உள்ளவங்களுக்குச் சேலையப் பத்திக் கவலயில்ல. அக்கா இது எந்த ஊருத் தமிழு, அக்கா நீங்க மலையாளியான்னு கேட்டாக்கும் கெடக்காவ. செரி, இப்போ கண்ண மூடுங்க."

"எதுக்குட்டி?"

"மூடுங்கன்னா மூடுங்க."

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே அஞ்சுவின் போன். அவளுடைய கை, அவளுடைய சேலை, அவளுடைய குரல். கீழே நாற்பத்தோராயிரம் என்று ஒரு எண்.

"இன்ஸ்டா!" அஞ்சு கையைத் தட்டினாள். "திங்கக்கெழமையே போட்டாச்சு. தீர்மானத்துல நான் கையெழுத்துப் போட்டது பென்சில்லயாக்கும். யூடியூப்ல போட்டா ஆறு மாசம் கழிஞ்சு யாராவது தேடி வந்து பாப்பாவ. இன்ஸ்டால ஊரு பேரோட போட்டா, பக்கத்து ஊருகாரி மறுநாளே வாசல்ல வந்து நிப்பா."

ஆனந்தலட்சுமிக்குக் கடைசி வார்த்தைகள் மட்டும் கேட்டன. "ஊரு பேரோடயா?"

வீடியோவுக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது. கொல்லயில், பாறசாலை.

"பின்னே? ஊரு தெரியாம ஆர்டரு எப்பிடி வரும்? கமெண்டு மட்டும் அறுபத்து மூணு. வெல கேட்டு, கரை கேட்டு... ஒருத்தன் மட்டும் கிறுக்கன்மாரி எழுதி வச்சிருக்கான். இஞ்ச பாருங்க."

படம் இல்லாத கணக்கு. பேருக்கு ஒரே ஒரு எழுத்து. மலையாள எழுத்தில் ஒரே ஒரு வரி. அஞ்சு சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

"சுண்டுவிரலு இதுவரெ நிமிர்ந்நில்லே?"

ஆனந்தலட்சுமி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அஞ்சு அதைப் பார்த்தாள். அந்த வீட்டில் படிப்பைத் தவிர மற்ற எதையும் அஞ்சு கவனிக்காமல் விட்டதில்லை.

"இத எடு."

"கமெண்டையா?"

"எல்லாத்தையும். கணக்கையே அழி. இப்போ, என் கண்ணு முன்னால."

"மதினிக்கு என்ன கிறுக்கா? நாப்பத்தோராயிரம் பேரு! நான் பொறத்தால கெடந்து..."

"அஞ்சு, உன் கால வேணும்னாலும் பிடிக்கேன். அழி."

குரலில் இருந்த எதுவோ அஞ்சுவின் விரலை அசைத்தது. ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் கணக்கும் போனது. ஆனந்தலட்சுமி போனைப் பிடுங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

"மதினி."

"என்ன?"

"வீடியோவ மட்டும் பாத்தவனுக்கு வெரலு வளஞ்சிருக்குன்னு தெரியும். செரி. இதுவரைக்கும் நிமிரலியான்னு கேக்கணும்னா, வளஞ்ச அன்னைக்கே பாத்தவனா இருக்கணும்லா?"

ஆனந்தலட்சுமி சேலையை மடித்தாள். பச்சைக் கரையின் மடிப்பு மூன்று தடவை தப்பியது.

"எனக்கு யாரையும் தெரியாது."

"நல்லது," என்றாள் அஞ்சு. நம்பியவள் சொல்கிற 'நல்லது' இல்லை அது. வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஆர்டருக்கு நம்பரு அம்மாக்குள்ளத போட்டிருந்தேன். நீங்க ஒங்க நம்பரு தரமாட்டேன்னுட்டிங்கல்லா."

ஆனந்தவல்லியின் நம்பர்!

மூன்று நாளாக மாமியாருக்கு வந்த திடீர்ப் பவிசின் ரகசியம் ஆனந்தலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. போனும் கையுமாகத் தென்னந்தோப்பில் உலாத்தினதும், அடுத்த வீட்டு வேலிக்குக் கேட்கிற மாதிரி "நாங்க வெலயக் கொறைக்கிற ஆளு இல்ல கேட்டியளா" என்று பேசினதும் இதற்குத்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து இருபது அழைப்பு வந்திருக்கும். விற்றது இரண்டு சேலை. மிச்சம் பதினெட்டுப் பேரிடமும் ஆனந்தவல்லி எந்த ஊர், எந்த வீடு, யாருக்கு மகள், யாருக்குக் கட்டிக்கொடுத்தது என்று விசாரித்து முடித்திருந்தாள்.

ஆனந்தலட்சுமி அடுக்களைக்குப் போனாள். அங்கே பாயசத்துக்கு அரிசி அடை வெந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பால் மூன்று பாத்திரத்தில் தனித்தனியாக. வெல்லப்பாகின் மணம்.

வெறும் வியாழக்கிழமையில் அடைப்பிரதமன் வைக்கிற வீடு இல்லை அது. மகனின் பிறந்தநாளுக்கே சேமியாவோடு நிறுத்திக்கொள்கிறவள் ஆனந்தவல்லி.

"அத்தை, யாராவது வாறாவளா?"

"வரட்டும், பாப்போம்." மாமியார் கிளறிக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. நாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பு மருமகள் பக்கம் திரும்பியதே கிடையாது. இன்றைக்குத் திரும்பியது. "சாயங்காலம் நீ இந்த வீட்டுல யாரா இருக்கியோ அப்பிடி இருக்கமாட்ட. நல்ல சேலையாட்டு ஒண்ணு எடுத்து உடுத்துக்கோ மக்களே."

மக்களே!

"அத்தை, ஒங்க போனத் தாருங்க. ஆர்டரு யாரெல்லாம்னு எழுதி வைக்கேன்."

"ஆர்டரு எல்லாம் என் தலைக்குள்ள உண்டும். நீ தேங்கா திருவு."

போன் மாமியாரின் இடுப்பில் செருகியிருந்தது. மத்தியானம் முழுக்க ஆனந்தலட்சுமி அந்த இடுப்பைப் பார்த்துக்கொண்டே வளையவந்தாள். சாப்பிடும்போது கேட்டாள். சாப்பிட்ட பிறகு கேட்டாள். மூன்றாவது தடவை ஆனந்தவல்லி, "எடீ, போலீசு வந்து கேட்டாக்கூட இத்தன வாட்டி கேக்கமாட்டான்" என்று சொல்லி, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கேட்டை யாரோ ஆட்டினார்கள். ஆனந்தலட்சுமி கதவின் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சேச்சி, சிலிண்டரு!"

அஞ்சுதான் போய் வாங்கி வைத்தாள். திரும்பி வந்து, சுவரோரம் நின்ற மதினியை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சு கேள்வி கேட்காமல் இருப்பது மழைக்கு முன்னால் காற்று நிற்பது மாதிரி.

ஐந்தரைக்கு மாமியார் குளித்து, மலையாளத்துப் பெண்கள் மாதிரிக் கரை போட்ட வேட்டியும் மேல்முண்டுமாக வந்தாள். விளக்கு ஏற்றினாள். வாழையிலை நறுக்கி வைத்தாள். ஆனந்தலட்சுமி எண்ணிப் பார்த்தாள். வீட்டில் ஐந்து பேர். இலை ஆறு.

ஆறு இருபதுக்கு அவளுடைய போன் அடித்தது. சபரி.

"லெச்சுமி, பாறசாலையில எறங்கியாச்சு. நீ பெரிய ஆளுதான். ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!"

"என்னத்த?"

"ஒன் மாமா மகன் இப்பிடி ஒரு தங்கமான மனுஷன்னு! ஸ்டேஷன்ல எனக்காண்டி ஒரு மணிக்கூறா காத்து நின்னாவ. அம்மா எல்லாம் சொல்லியாச்சாம், எந்த ரயிலு, எந்த பெட்டி, என்ன கலர் சட்டை வரைக்கும். என் போட்டோவையும் அம்மா அனுப்பியிருக்கு. இந்தா, அவியகிட்ட கொடுக்கேன்."

"வேண்டாம், இஞ்ச பாருங்க, கொடுக்காண்டாம்..."

போன் கை மாறிவிட்டது. கொஞ்ச நேரம் ஸ்டேஷன் இரைச்சல். யாரோ டீ டீ என்று கத்திக்கொண்டு போனார்கள். பிறகு, நாலு வருஷம் கேட்காமல் இருந்தும் துளிகூட மறக்காத அந்தக் குரல், மெதுவாக, மரியாதையாக:

"சேலை கொள்ளாம், நல்லாருக்கு. வீடும் கொள்ளாம்னு சொன்னாவ. மொகம் மட்டும்தான் நீ காட்டல. அதுக்காக்கும் வாறேன்."

பிறகு சபரியின் சிரிப்பு. "வண்டி எடுக்கப் போறேன். பதினஞ்சு நிமிஷம். வச்சிடுதேன்."

அவள் திருப்பி அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள்.

"வண்டி ஓட்டும்போ அண்ணன் போன் எடுக்காது, மதினி," என்றாள் அஞ்சு. எப்போது வந்து நின்றாளோ!

ஆனந்தவல்லி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் பூரித்துக் கிடந்தது.

"பேசியாச்சா? நேத்து ராத்திரி கூப்பிட்டான் பாவம். சேலை வேணும்னு ஒண்ணும் இல்ல, அத்தை மக எங்க இருக்கான்னு தெரியாம தேடிட்டுக் கெடந்தேன்னு சொல்லி அழுதான். தாய்மாமன் மால எடுத்துக் கொடுக்காத கல்யாணம்னு நாலு வருஷமா எனக்குள்ள ஒரு முள்ளு கெடந்து குத்திச்சு. எங்க சொந்தக்காரிமாரு ஒவ்வொருத்தியா கேக்கும்போ நான் என்ன சொல்லுவேன்? இன்னைக்கு அவனே வந்து நெலவெளக்குக்கு முன்னால ஒன் கையில சேலை தரப்போறான். அந்தக் கொறையும் தீந்துது."

"அத்தை, அவன இஞ்ச வரவிடாதிங்க."

"என்னட்டி பேச்சு இது! தாய்மாமன் வீட்டு ஆண்பிள்ள!"

பதினைந்து நிமிஷத்தில் மூன்று போயிருந்தது. நாலு வருஷம் காத்து வைத்ததை அவிழ்க்க மிச்சம் பன்னிரண்டு. சொன்னால், முதல் நாளிலிருந்தே பொய் சொல்லிக்கொண்டு இந்தப் படியேறியவள் ஆவாள். பின்னால் ஒரு ஆண் இருந்திருக்கிறான் என்பது மட்டும்தான் அந்த வீட்டில் எல்லார் காதிலும் நிற்கும். சொல்லாவிட்டால், ஆறாவது இலையில் அவன் உட்காருவான். அவள் பரிமாறுவாள். அதற்குப் பிறகு என்றைக்கு வேண்டுமானாலும், அவள் தனியாக இருக்கிற எந்த மத்தியானத்திலும், சொந்தக்காரன் என்று சொல்லி அந்தக் கேட்டைத் திறப்பான்.

ஆனந்தலட்சுமி தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினாள். கேட்டு, விரல், மூன்று கணக்குகள், 'கண்டுபிடிச்சாச்சு', அப்பா சொல்லிக்கொடுத்த பொய்கள். இன்ஸ்டா ஏன் வேண்டாம் என்றது, தமிழ் ஏன் போதும் என்றது. அழவில்லை. அழ நேரம் இல்லை.

அஞ்சு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "ஊரு பேரு நானாக்கும் போட்டேன்," என்று தனக்குத்தானே சொன்னாள்.

ஆனந்தவல்லி எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப்பட்ட வம்புக்கெல்லாம் 'பின்னே? பின்னே?' என்று தூண்டிக் கேட்கிறவள், கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சபரிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாலு வருஷம்."

அதைக் கேள்வியாகக் கேட்டாளா, குற்றமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஆனந்தவல்லி எழுந்தாள். மேல்முண்டைச் சரிசெய்தாள். அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். கீழே உட்கார்ந்திருந்த மருமகளைத் திரும்பிப் பார்க்காமல், நேராக முன்வாசலுக்கு நடந்தாள்.

சாலை வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. சபரியின் வண்டிதான். பின்னால் ஆள் இருந்தால் அந்த மேட்டில் அது முனகும். முனகியது.

"அம்மா..." என்றாள் அஞ்சு.

ஆனந்தவல்லி வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது மட்டும் போடுகிற வெளிக்கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. அஞ்சு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உள்ளே இரண்டு பேரும் இருட்டிக்கொண்டு வரும் கூடத்தில் நின்றார்கள்.

வண்டி நின்றது. கேட்டு திறந்தது. இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் முற்றத்து மணலில் நடந்து வந்தது.

"வா மக்கா, வா," என்றாள் ஆனந்தவல்லி வெளியே. குரலில் தேன் ஒழுகியது. "இந்த லைட்டு வெட்டத்துல நில்லு, படி ஏறாண்டாம். ஒன்ன நல்லா ஒரு தடவ பாக்கட்டும்."

ஆனந்தலட்சுமி அஞ்சுவைப் பார்த்தாள். பெற்ற மகளுக்கு அந்தக் குரலின் அர்த்தம் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

தெரியாது என்று அஞ்சு மெல்லத் தலையை ஆட்டினாள். அவளும் அம்மாவின் அந்தக் குரலை இதுவரை கேட்டதில்லை.